மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்தவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அவர்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் மூக்கில் பிரேமை வைத்துப் பார்க்கிற அதே விரல்கள், அதே பதவிசு. "சாய்... இன்னும் கொஞ்சம்... வலிக்குதா?" வலி இல்லை. எரிச்சல். "முகத்துல ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது!" என்று கத்திவிட்டேன். துண்டைத் தோளில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இத்தனை வருஷம் நீச்சல் குளமே கதி என்று கிடந்தவள் நான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்தவள். இப்போது ஒரு செம்புத் தண்ணீருக்காகப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னதே மனசில் ஓடுகிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறதாம். இவ்வளவு நாள் தாங்கியதே பெரிதாம். நெஞ்செலும்பைப் பிளந்து, பழையதை வெட்டி எறிந்துவிட்டு, செயற்கை வால்வை வைத்துத் தைத்தாகிவிட்டது. வீட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது. அப்புறம்? அப்புறம் கூடாது, கூடாது, கூடாது. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. குடத்தைத் தூக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. நடக்கலாம். கூடத்திலிருந்து சமையலறை. சமையலறையிலிருந்து கூடம். படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அம்மா, கொஞ்சம் உக்காரும்மா. எனக்குத் தல சுத்துது."

மார்ச் 5

தும்மல் வந்தது. செத்துப் பிழைத்தேன்.

மார்ச் 8, சனி

மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கவில்லை. மூக்குக்குக் கீழே ஏதோ உறுத்துகிற மாதிரி இருந்து கண்ணைத் திறந்தால், அவர் விரல். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார்! கடையைப் பாதியில் சாத்திவிட்டு இதற்காக வந்திருக்கிறார்.

"செத்துட்டேனான்னு பாக்குறீங்களா?"

"கொசு," என்றார்.

சிரித்திருக்கலாம். முன்பென்றால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் அழுதேன். எதற்கு அழுகிறேன்? பிழைத்து வந்தவள் அழலாமா? எல்லாரும் "மறுபிறவி, மறுபிறவி" என்கிறார்கள். கைக்குழந்தையாகத்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். கரகரப்பான பெண் குரல், பின்னால் நாய் குரைக்கிறது. ஆஸ்பத்திரியில் என் எண்ணைக் கொடுத்தார்களாம். அவளுக்கும் வால்வு மாற்றி ஆறு வருஷமாகிறதாம். புதிதாக ஆபரேஷன் ஆனவர்களிடம் பேசுகிறவர்களில் அவளும் ஒருத்தி. வேலை, வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டர் பார்ப்பது. என்னைவிடச் சின்னவள். எடுத்த எடுப்பில் "அக்கா" என்றாள்.

"எனக்கு ஆறுதல் சொல்றவங்க நிறையப் பேர் இருக்காங்க," என்றேன். மரியாதையில்லாமல்தான் சொன்னேன்.

"நான் ஆறுதல் சொல்லக் கூப்பிடலக்கா. இருமும்போது தலைகாணியக் கட்டிப் பிடிச்சுக்கிறீங்களா?"

"ஆமா."

"எந்தத் தலைகாணி? பஞ்சா, நுரையா?"

"...பஞ்சு."

"நல்லது. நுரை அமுங்கிடும், பிரயோஜனமில்ல. வெக்கிறேன், இந்த வீட்டு நாய் சரியில்ல." வைத்துவிட்டாள்.

என்ன ஜென்மமோ.

மார்ச் 18, செவ்வாய்

மீட்டர் இன்றும் கூப்பிட்டாள். (மகள் வைத்த பெயர். "அம்மா, உன் மீட்டர் லைன்ல இருக்கு.") சொல்லக்கூடாதென்றுதான் இருந்தேன். ஆனால் அழுகையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சோப்பு விளம்பரத்துக்கு அழுதேன், பக்கத்து வீட்டுப் பூனை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியதற்கு அழுதேன்.

"பூனை பரவால்லக்கா. நான் வெண்டைக்காய் முத்திப் போச்சுன்னு அழுதேன். எங்க வீட்டுக்காரர் அப்ப ஓடிப் போய்க் கடைக்காரர்கிட்ட சண்டை."

சிரித்தேன். சிரித்தால் நெஞ்செலும்பு வலிக்கிறது. தலையணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"குறையும்கா. திடீர்னு குறையாது. ஒரு நாள் பாத்தா, நேத்து அழலியேன்னு தோணும். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க, அதுக்கும் அவங்க ஏதாவது செய்வாங்க."

அவள் வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் வால்வு டிக்டிக்கென்று கேட்கிறது. மேஜையை மூன்று தடவை துடைத்தேன். மாத்திரை டப்பாவை அடுக்கினேன். கலைத்தேன். மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 29, சனி

ஆஸ்பத்திரி ஐந்தாவது மாடியில் ஆபரேஷன் ஆனவர்கள் கூட்டம். மாதத்துக்கொருமுறையாம். அவர்தான் கூட்டிப்போனார், வாசலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

வட்டமாக நாற்காலிகள். எல்லார் கழுத்துக்குக் கீழும் அந்தக் கோட்டின் நுனி எட்டிப் பார்க்கிறது. லாரி ஓட்டுகிற ஒரு பெரியவர், "வாங்கம்மா, தையல் கடைக்கு வாங்க" என்றார். மனைவி அவரை வாசல் வரைகூட நடக்கவிடுவதில்லையாம். "நாப்பது டன் இழுத்தவன நாலு தக்காளி தூக்க விடமாட்டேங்குறா." எல்லாரும் சிரித்தார்கள். சொல்லி முடித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டி எடுக்க முடியுமான்னு தெரியல" என்றார். "எல்லாம் சரியாகிடும்" என்று ஒருவர்கூடச் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

மீட்டரை முதல்முறை பார்த்தேன். குள்ளம், வெயிலில் கறுத்த முகம், ஆண்கள் போடுகிற மாதிரி பெரிய செருப்பு. மூச்சு வாங்க வாங்கக் கடைசியாக வந்து சேர்ந்தாள். ஐந்து மாடியும் படியேறி வந்தாளாம். "உடம்புக்கு நல்லதுக்கா" என்றாள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் முறை வந்தது. "நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். எப்ப குளத்துக்குப் போவோம்னு இருக்கு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்படியா? அப்படித்தானா இருக்கிறது?

ஏப்ரல் 3

டாக்டர் எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்றார். காயம் மூடிவிட்டது. இன்னும் சில வாரத்தில் தண்ணீரில் இறங்கலாம், கை வீசி நீந்துவது மட்டும் அப்புறம். ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை வாழ்நாள் முழுக்க. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "தண்ணீரில் இறங்கலாம்" என்றபோது மட்டும் அவர் பேனா நகரவில்லை. பார்த்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது? பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

காலையில் அவர் கடைக்கும் மகள் பள்ளிக்கும் போனதும் ஆட்டோ பிடித்துக் குளத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. குளத்து மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சர்! நல்லாருக்கீங்களா? இந்த வருஷம் வரமாட்டீங்கன்னு சார் வந்து சொல்லிட்டுப் போனாரே. வேற ஆள் பாத்துக்கிட்டிருக்கோம்..."

சாரா? எந்த சார்? என் வீட்டு சார்! என் வேலையை, என்னைக் கேட்காமல், என் முதுகுக்குப் பின்னால்... அவர் கடையை நான் போய் இழுத்து மூடினால் சும்மா இருப்பாரா?

"ஜூன் பேட்ச்சுக்கு நான் வர்றேன். வேற ஆள் வேண்டாம்," என்றேன். மேனேஜர் என் கழுத்தைப் பார்த்தார். தழும்பைத்தான். பிறகு சுவரைப் பார்த்தார். "மே கடைசில சொல்லுங்க டீச்சர், போதும்."

அந்த வேகத்தில் நேராகப் போய் ஆழமில்லாத பக்கம் இறங்கிவிட்டேன். போட்டிருந்த சுடிதாரோடு. முழங்கால். இடுப்பு. நெஞ்சு வரைக்கும் ஒன்றும் இல்லை, தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. குனிந்தேன். முகத்தை வைக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு வயசுப் பிள்ளை செய்கிற காரியம்.

முடியல.

தாடை தண்ணியத் தொட்டதும் தொண்ட அடைச்சிடுச்சு. கம்பியப் பிடிச்சுக்கிட்டேன். விட முடியல. மேனேஜர்தான் வந்து கையப் பிரிச்சு மேல ஏத்தினார். அவர் ஒண்ணும் கேக்கல. துண்டு மட்டும் கொடுத்தார்.

ஏப்ரல் 10, சாயங்காலம்

"ஏன் போய்ச் சொன்னீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என் வேலைங்க அது. உங்களுக்கு என்ன உரிமை?"

"உயிரோட இருந்தாப் போதும்னு இருந்துச்சு," என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் எல்லாரையும் பார்க்காமலிருக்கப் பழகிவிட்டோம்.

ஏப்ரல் 12, சனி

முதல்முறையாக நானே மீட்டரைக் கூப்பிட்டேன். "எங்கருக்கீங்க?" என்றேன். தெரு சொன்னாள். போனேன். என்னத்துக்கு என்று அவளும் கேட்கவில்லை.

அவளோடு வீடு வீடாக நடந்தேன். கேட்டைத் தட்டுகிறாள், "மீட்டர்!" என்று ஒரு சத்தம், மாடிப்படிக்கு அடியில் குனிகிறாள், கையிலிருக்கிற கருவியில் தட்டுகிறாள், அடுத்த வீடு. ஒரு வீட்டில் மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. மூடியை மெதுவாகப் பாதி சாத்திவிட்டு, தலையைச் சாய்த்து இடுக்கு வழியாக எண்ணைப் படித்தாள். "எங்கூட நடந்தா நேரம் தெரியாதுக்கா." உண்மைதான். ஒரு இடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. யார் வீட்டுப் படியோ, உட்கார்ந்துவிட்டோம்.

அங்கே சொன்னேன். யாரிடமும் சொல்லாததை.

ஐசியூவில் கண் விழித்தபோது வாய்க்குள் குழாய். தொண்டைக்குள்ளே, இன்னும் கீழே. மெஷின் காற்றை உள்ளே தள்ளுகிறது. நான் இழுக்கிற நேரத்தில் அது தள்ளவில்லை, அது தள்ளுகிற நேரத்தில் நான் இழுக்கவில்லை. கத்தினால் சத்தம் வரவில்லை. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கையைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். இத்தனை பிள்ளைகளுக்கு 'பயப்படாதே, மூச்சை அடக்கு, தண்ணி உன்னைத் தாங்கும்' என்று சொன்னவள்... கரையிலேயே முங்கிட்டேன். யாரும் தூக்கல. அப்படித்தான் தோணுச்சு.

"அப்பருந்து முகத்துல தண்ணி பட்டா அதே தொண்டையடைப்பு," என்றேன். "நான் நீச்சல் டீச்சர். வெளிய சொல்ல முடியுமா?"

மீட்டர் செருப்பைக் கழற்றி அதிலிருந்த கல்லைத் தட்டினாள்.

"அக்கா, நான் ஏன் அஞ்சு மாடி ஏறி வர்றேன்னு நெனைக்கிறீங்க?"

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு மாற்றும்போது, அவளைப் படுக்கையோடு லிஃப்டில் ஏற்றியிருக்கிறார்கள். நடுவில் கரண்டு போய்விட்டது. இருட்டு. ஏதோ கொஞ்ச நேரம்தான் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். "எனக்கு ஒரு யுகம். இன்னிக்கு வரைக்கும் லிஃப்ட்ல கால் வெக்கல. கரண்டு ஆபீஸ்ல வேலை, கரண்டு போய் மாட்டிக்கிட்டேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? சிரிப்பாங்க. அதான் உடம்புக்கு நல்லதுன்னுட்டேன்."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா. ஊருக்கெல்லாம் ஃபோன் பண்ணி தைரியம் சொல்றேன்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரம்மா வெளியே வந்து "யார்மா நீங்க?" என்று கேட்கும்வரை சிரித்தோம்.

கிளம்பும்போது கேட்டாள். "வீட்ல அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"பயந்துடுவார்."

"இப்ப மட்டும் பயப்படாமயா இருக்கார்?"

ஏப்ரல் 13, ஞாயிறு

கடை லீவு. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் உட்கார்ந்து கழன்றுபோன பிரேம் ஒன்றுக்கு ஸ்குரூ போட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், கட்டிய கை, குளத்தில் நடந்தது. அவர் தலை நிமிரவில்லை. ஸ்குரூ கீழே விழுந்தது. தேடவும் இல்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் அங்கதான நின்னேன். அஞ்சு நிமிஷம் பாக்கலாம்னு உள்ள விட்டாங்க. நீ கண்ணத் தொறந்து என்னப் பாத்த. எடுத்து விடுங்கன்னு கண்ணாலயே கெஞ்சின. நான் எடுத்து விடல. நர்ஸ் வெளிய போகச் சொன்னாங்க... போயிட்டேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. அவர் அங்கே நின்றது சுத்தமாக ஞாபகமில்லை.

"அந்தப் பார்வை... கடைல உக்காந்து எத்தன கண்ணப் பாக்குறேன். எல்லாக் கண்ணுலயும் அதான் தெரியுது. மறுபடி உன்னத் தண்ணில விட்டுட்டு நான் கரையில நிக்கணுமா? அதான் போய்ச் சொன்னேன். தப்புதான்."

அவருக்கு இதை யார் கேட்டார்கள் இத்தனை நாளும்? எனக்காவது ஒரு மீட்டர் இருந்தாள்.

அவர் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன். தழும்பின் மேல். அவர் இதுவரை அங்கே தொட்டதில்லை. அப்படியே அழுதோம். அப்புறம் ரெண்டு பேரும் தரையில் தவழ்ந்து ஸ்குரூவைத் தேடினோம். "நீ குனியாத" என்றார். குனிந்தேன்.

ஏப்ரல் 14

நேற்று அழவில்லையே என்று இன்றுதான் தோன்றியது. அப்புறம், நேற்று நன்றாகவே அழுதோம் என்று ஞாபகம் வந்தது. சரி.

ஏப்ரல் 26, சனி

கூட்டம். கீழே லிஃப்ட் வாசலில் மீட்டருக்காக நின்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுவதாக ஒப்பந்தம். கதவு திறந்தது. "கூட்டமா இருக்குக்கா, அடுத்தது." அடுத்தது வந்தது. "அந்தாள் முகம் சரியில்ல." மூன்றாவது காலியாகவே வந்தது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் ஏறி நின்று கையை நீட்டினேன். ஒரு காலைத் தூக்கினாள். வைக்கவில்லை. கதவு மூடப் பார்த்தது, நான் வெளியே குதித்தேன்.

படியில்தான் போனோம். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து. கூட்டம் பாதி முடிந்திருந்தது. லாரிப் பெரியவர் எங்களுக்கு டீ எடுத்து வைத்திருந்தார், ஆறிப்போய். இன்று அவர் மனைவியும் வந்திருந்தாள். என் வீட்டுக்காரரும் உள்ளே வந்து உட்கார்ந்தார், நான் கூப்பிடாமலே. அந்த அம்மாவும் இவரும் ஒரு மூலையில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு, "எங்க சங்கத்து ரகசியம்" என்றார்.

மே 17, சனி

மீட்டர் குளத்துக்கு வந்தாள். நீச்சலின் முதலெழுத்துகூடத் தெரியாது. "லிஃப்ட்டுக்கு நீங்க வந்தீங்கல்ல, இது கணக்கு நேர்" என்றாள். வாடகை நீச்சலுடை தொளதொளவென்று தொங்க, ரெண்டு பேர் தழும்பும் வெளியே தெரிய, ஆழமில்லாத பக்கம் இறங்கினோம். பிள்ளைகளைக் கூட்டி வந்த அம்மாக்கள் பார்த்தார்கள். மீட்டர் அவர்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒரே டெய்லர்" என்றாள்.

எப்படி என்று கேட்டாள். வாயால்தான் சொன்னேன். கம்பியைப் பிடி, மூச்சை இழு, அடக்கு, முகத்தை வை, மூக்கு வழியாக மெல்ல விடு. சொன்னபடியே செய்தாள்! தும்மலும் இருமலுமாக மேலே வந்து, "அய்யோ, மூக்கெல்லாம் எரியுது, இதுக்கா காசு வாங்குறீங்க?" என்றாள். மறுபடி முங்கினாள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். தாடை வரைக்கும் போனேன். அதே அடைப்பு. ஆனால் இந்த முறை கம்பியை விட முடிந்தது.

"போதும்கா இன்னிக்கு," என்றாள் அவளே.

போதாது. எனக்குப் போதாது. வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

மே 30, வெள்ளி

மேனேஜரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையையும் சொன்னேன், இப்போதைக்குக் கரையில் நின்றுதான் சொல்லிக்கொடுப்பேன் என்று. "உங்க விசில் சத்தம் போதும் டீச்சர், பசங்க அடங்கிடுவாங்க" என்றார். அவரிடம் சொல்ல இவ்வளவு பயந்தேனா?

ஜூன் 9

புது பேட்ச். ஒரு வாண்டு கேட்டது: "டீச்சர், நெஞ்சுல என்ன கோடு?" ரிப்பேர் பண்ணினது என்றேன். "இப்ப ஓடுதா?" ஓடுகிறது என்றேன்.

ஜூன் 12

கரையில் நிற்பது காலுக்குத்தான் வலி. மனசு குறுகுறுவென்றிருக்கிறது. மீட்டர் ஃபோன்: முதல் மாடி வரைக்கும் போய்விட்டாளாம், லிஃப்டில். அங்கேயே இறங்கி மீதியை நடந்தாளாம். வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் சொல்லவில்லையாம்.

ஜூன் 20, வெள்ளி

கண் எரிகிறது, எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பேட்ச்சில் ஒரு ரெட்டைச் சடைக்காரி கால் அடிக்கிறாள், நகரவே மாட்டேனென்கிறாள். கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழே போய்ப் பார்த்தால்தானே தெரிகிறது, முழங்காலை மடக்குகிறாள், சைக்கிள் மிதிக்கிற மாதிரி. பிடித்து நேராக்கி விட்டேன். சர்ரென்று போனாள். அடுத்தவன் பாதத்தை விறைப்பாக வைக்கிறான். அதற்கும் கீழே போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்தோடு வந்தார். "கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டி, நீச்சல் கண்ணாடி இல்லாமப் போயிருக்கா. வெளிய சொல்லாத, வியாபாரம் படுத்துடும்." நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, இமையை விரலால் விரித்தார்.

"இவ்வளவு செவந்திருக்கே. என்ன பண்ணின?"

"தண்ணிக்குள்ள தொறந்து வெச்சிருந்தேன்."

ஒரு கண்ணுக்கு விட்டாகிவிட்டது. அடுத்த கண்ணுக்குப் புட்டியைக் கவிழ்த்தவர், "தண்ணிக்குள்ளயா?" என்று அப்படியே நின்றார். சொட்டு கன்னத்தில் விழுந்தது. இன்னொன்று மூக்கில்.

"அசையாதே," என்றார்.

நான் அசையவே இல்லை.